நெடுந்தொலைவு ஓட்டமும் எலும்பும்: ஒரு திருத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மராத்தான் ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை மூன்று முறை படித்தேன். இதயத்தைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டவை சரியானவை. புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு ஊக்கம் தரும்படி எழுதப்பட்டவை. ஆனால், எவ்வளவு தொலைவு ஓடுகிறோமோ அவ்வளவுக்கு எலும்பு உறுதிப்படும் என்று பொருள்படும் ஒரு வரியை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. பதினொரு ஆண்டுகள் நெடுந்தொலைவு ஓட்டக்காரியாக இருந்துவிட்டு இப்போது இளையவர்களுக்கு அதே ஓட்டத்தைக் கற்றுக்கொடுத்துவரும் நான், ஒருகாலத்தில் அந்த வரியை முழுமையாக நம்பியவள். என்னிடம் பயிற்சி பெறும் பதினாறு வயது மாணவி ஒருத்தியின் தாயார், அதே வரியின்கீழ் பேனாவால் கோடிட்டு, கட்டுரையைக் கத்தரித்து எடுத்துவந்து என்னிடம் காட்டினார். மகளின் பயிற்சித் தொலைவை நான் பாதியாகக் குறைத்தது தவறு என்பதற்கு அவர் கொண்டுவந்த சான்று அது. அந்தத் தாய்க்கு நான் நேரில் சொன்ன விளக்கத்தையே, சற்று விரிவாக, தங்கள் வாசகர்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எலும்பு என்றதும் கட்டடத்தைத் தாங்கும் தூணைப் போல, ஒருமுறை எழுப்பிவிட்டால் அப்படியே நிற்கும் ஒன்றைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓரிடத்தில் அரிக்கப்பட்டும் ஓரிடத்தில் கட்டப்பட்டும் வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படுகிற உயிருள்ள திசு. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு மாற்றப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. அந்தக் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றன. எங்கே கரைக்க வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும் என்று இவற்றுக்குத் தகவல் அனுப்புபவை, எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள். சுமையால் எலும்பு மிக நுண்ணிய அளவில் வளையும்போது அந்த வளைவை உணர்வது அவையே. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதிய கருத்தின் அடிப்படையும் இதுதான். ஆகவே ஓட்டம் எலும்புக்கு நல்லது என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியது பொய்யன்று. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைவிட மிதமாக ஓடுபவரின் கால் எலும்புகளும் இடுப்பெலும்பும் பொதுவாக உறுதியாகவே இருக்கின்றன. 'எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது' என்ற நீட்டிப்பில்தான் பிழை இருக்கிறது.

இந்தப் பிழையைப் புரிந்துகொள்ள 1984இல் கிளின்டன் ரூபினும் லான்ஸ் லான்யனும் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. சேவலின் இறக்கை எலும்பு ஒன்றை இயல்பான சுமைகளிலிருந்து தனிமைப்படுத்தி, அதன்மீது அளந்து சுமையேற்றிப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு வெறும் 4 முறை சுமையேற்றியபோதே எலும்பு தேய்வது நின்றது; 36 முறை ஏற்றியபோது புதிய எலும்பு வளர்ந்தது. அதன்பின் 360 முறை, 1800 முறை என்று கூட்டிக்கொண்டே போனபோதும் 36 முறையில் கிடைத்ததைவிடக் கூடுதலான பயன் எதுவும் கிடைக்கவில்லை. ஒரே வகைச் சுமை சில பத்து முறை திரும்பத் திரும்ப வந்தவுடன், அதை உணரும் செல்கள் பெரும்பாலும் மரத்துப்போகின்றன என்பதும், பல மணி நேர இடைவெளிக்குப் பிறகே அவற்றின் உணர்திறன் மீள்கிறது என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெளிவாயின. மராத்தான் ஓட்டம் ஒன்றை நான்கு மணி நேரத்தில் முடிப்பவர் ஏறத்தாழ நாற்பதாயிரம் அடிகள் எடுத்து வைக்கிறார். அவற்றுள் எலும்பு கேட்டுக்கொள்வது தொடக்கத்தில் வரும் மிகச் சிலவற்றையே. மீதியுள்ள ஆயிரக்கணக்கான அடிகள் எலும்பை வளர்ப்பதற்குப் பயன்படாமல், அதன் தாங்குதிறனைச் சோதிப்பதற்கு மட்டுமே போய்ச் சேர்கின்றன. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இத்துடன் காலக்கணக்கு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பயிற்சியாளர்கள் பலர் அறியாமல் போவது இதைத்தான். பழைய எலும்பைக் கரைக்கும் வேலை ஏறக்குறைய மூன்று வாரங்களில் முடிந்துவிடுகிறது, ஆனால் அந்தக் குழியை நிரப்பும் வேலைக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகின்றன. பயிற்சியைத் திடீரென்று கூட்டினால், நுண்விரிசல் கண்ட பகுதிகளைச் செப்பனிடுவதற்காகப் பல இடங்களில் ஒரே நேரத்தில் குழிகள் தோண்டப்படுகின்றன, அவை நிரம்புவதற்கு முன்பே அடுத்த வாரச் சுமை வந்து விழுகிறது. மூச்சும் தசையும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்வதால், ஓடுகிறவருக்குத் தாம் வலுவடைந்துவிட்டதாகவே தோன்றுகிறது. எலும்போ அந்த நேரத்தில் முன்பிருந்ததைவிட நலிந்து நிற்கிறது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுகிறது. இது ஓட்டப்போட்டிகளின் காலத்தில் புதிதாக வந்த நோயன்று. நெடுநடை போன படைவீரர்களின் பாதங்களில் வீக்கமும் வலியும் வருவதை 1855இலேயே பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்தாப்ட் எழுதிவைத்திருக்கிறார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அது.

இனி என் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதானபோது வாரத்துக்கு 110 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய போட்டிக்காக ஆறு வாரங்களில் அதை 140 ஆகக் கூட்டினோம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சொல்லப்பட்டதால், தொலைவைக் கூட்டிய அதே வாரங்களில் உணவைக் குறைத்தேன். அதற்கு முன்பே எனக்கு ஏழு மாதங்களாக மாதவிடாய் நின்றிருந்தது. தயங்கித் தயங்கி என் பயிற்சியாளரிடம் சொன்னபோது, உடம்பு முழுமையாகப் பயிற்சிக்கு வந்துவிட்டது என்பதன் அடையாளம் அது என்று அவர் சொன்னார். அந்தச் சொற்களைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன் என்பதை இன்று எழுதும்போது மனம் கனக்கிறது. ஐந்தாவது வாரத்தில் இடப்பக்கத் தொடை இடுக்கில் வலி வந்தது. எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை, தசைப்பிடிப்பு என்று சொல்லி அனுப்பப்பட்டேன். மேலும் இரண்டு வாரம் அந்த வலியோடு ஓடிய பிறகு எடுக்கப்பட்ட எம்ஆர்ஐ ஸ்கேனில், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருப்பது தெரிந்தது. அந்த இடத்து விரிசல் முழு முறிவாக மாறினால் இடுப்பு மூட்டின் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டமே துண்டிக்கப்படலாம் என்பதை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்தான் தெரிந்துகொண்டேன். பின்னர் எலும்பின் அடர்த்தியை அளக்க எடுத்த டெக்சா பரிசோதனையில் என் முதுகெலும்பின் அடர்த்தி, என் வயதுப் பெண்களின் சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கத்துக்கும் (சராசரியிலிருந்து விலகுவதை அளக்கும் புள்ளியியல் அலகு) மேலாகக் கீழே இருந்தது. எட்டு ஆண்டுகள் ஓடிய பிறகு இருந்த நிலை அது.

இவ்வளவு ஓடியும் எலும்பு ஏன் வளரவில்லை? இந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி காலில் இல்லை, உண்ணும் உணவுக்கும் செலவிடும் ஆற்றலுக்கும் இடையே உள்ள கணக்கில் இருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழித்தால் மிஞ்சுவதைக் கொண்டுதான் மூளை, இதயம், இரத்தம், இனப்பெருக்கம், எலும்பு ஆகிய அனைத்தும் நடந்தாக வேண்டும். உடலின் கொழுப்பற்ற எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கலோரி இவ்வாறு மிஞ்சினால் உடல் தடையின்றி இயங்கும் என்றும், 30 கலோரிக்குக் கீழே போனால் பல பணிகளை அது சுருக்கிக்கொள்ளத் தொடங்கும் என்றும் விளையாட்டு மருத்துவத்தில் ஒரு பொது அளவுகோல் உண்டு. எடுத்துக்காட்டாக, 54 கிலோ எடையுள்ள ஓட்டக்காரி ஒருவரின் கொழுப்பற்ற எடை 44 கிலோ என்று கொள்வோம். அவர் ஒரு நாளில் 18 கிலோமீட்டர் ஓடினால் அதற்கு மட்டும் சுமார் 970 கலோரி செலவாகும். அன்று அவர் 2000 கலோரி உண்டிருந்தால் மிஞ்சுவது 1030. அதை 44ஆல் வகுத்தால் 23 தான் வருகிறது. ஓடாத ஒருவருக்குப் போதுமானதாகத் தெரியும் அதே உணவு இவருக்கு அரைப்பட்டினி. இதில் மேலும் வருத்தத்துக்குரியது என்னவென்றால், உடல் தன் செலவுகளைச் சுருக்கிக்கொள்வதால் எடை அவ்வளவாகக் குறையாமலே இருக்கக்கூடும். எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்பும் பயிற்சியாளருக்கு எதுவும் தெரியவராது.

ஆன் லூக்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மிச்ச ஆற்றலை 30 கலோரிக்குக் குறைத்து ஐந்தே நாட்கள் வைத்திருந்தபோது, இளம்பெண்களின் இரத்தத்தில் எலும்பு கட்டப்படுவதைக் காட்டும் குறியீடுகள் தாழ்ந்தன. 10 கலோரிவரை குறைத்தபோது எலும்பு கரைவதைக் காட்டும் குறியீடும் உயர்ந்தது. மாதங்களோ ஆண்டுகளோ தேவைப்படவில்லை, ஐந்து நாட்கள் போதுமானவையாக இருந்தன. உடலில் ஆற்றல் இருப்பை மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின், இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1, தைராய்டு ஹார்மோனான டி3 ஆகியவை குறைவதும், உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் கூடுவதும், பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதும் இந்த மாற்றத்தின் பின்னே இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போன்றது, அது குறைந்தால் கரைக்கும் வேலை கட்டுக்கடங்காமல் போகிறது. மாதவிடாய் நின்றுபோவது, கடிவாளம் கழன்றுவிட்டது என்று உடல் வெளிப்படையாகத் தரும் அறிவிப்பு. அதைப் பயிற்சியின் வெற்றி என்று ஒரு பெண்ணிடம் சொல்வதைவிடப் பெரிய தீங்கை ஒரு பயிற்சியாளர் செய்ய முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்பரா டிரிங்க்வாட்டரும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதை முதலில் அழுத்தமாகக் காட்டியது. மாதவிடாய் நின்றுபோன, சராசரியாக இருபத்தைந்து வயதான விளையாட்டு வீராங்கனைகளின் முதுகெலும்பு அடர்த்தி, ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் அளவை ஒத்திருந்தது. மாதவிடாய் திரும்பியவர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தபோது, முதல் ஓராண்டை ஒட்டிய காலத்தில் முதுகெலும்பு அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு உயர்ந்தது. அந்த உயர்வு அப்படியே தொடரவில்லை, இழந்தது முழுதாகத் திரும்பவும் இல்லை. என் அனுபவமும் இதையே சொல்கிறது. உணவைச் சரிசெய்து, பயிற்சியைக் குறைத்து, மாதவிடாய் ஒழுங்குபட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் என் முதுகெலும்பு சராசரியை எட்டவில்லை. இங்கே ஒரு தவறான வழக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். மாதவிடாய் நின்ற வீராங்கனைகளுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்து மாதந்தோறும் இரத்தப்போக்கை வரவழைத்து, சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. அந்த மாத்திரை எலும்பைக் காப்பதாக நிறுவப்படவில்லை. ஆற்றல் பற்றாக்குறை தொடர்ந்துகொண்டிருக்க, அதன் எச்சரிக்கை அடையாளத்தை மட்டும் அது மறைத்துவிடுகிறது.

இது பெண்களுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று ஆண் ஓட்டக்காரர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. வாரந்தோறும் நெடுந்தொலைவு ஓடிவந்த ஆண்களின் முதுகெலும்பு அடர்த்தி, ஓடாத ஆண்களைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்ததை 1989இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் மன ஊக்கமும் பாலுணர்வும் மந்தமாவதும் அடையாளங்கள். மாதவிடாயைப் போல நாள்காட்டியில் குறித்துக் கண்டுபிடிக்கக்கூடிய அறிகுறி அவர்களுக்கு இல்லாததால், முறிவு வந்த பிறகே பெரும்பாலும் தெரியவருகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் வெளியிட்ட கருத்துரையில், உணவுப் பற்றாக்குறை, மாதவிடாய்க் கோளாறு, எலும்பு மெலிவு மூன்றையும் சேர்த்து அதுவரை பெண்களின் முச்சிக்கல் என்று அழைக்கப்பட்டுவந்ததை விரிவுபடுத்தி, ஆண்களையும் உள்ளடக்கிய ஆற்றல் குறைபாட்டு நோய்நிலையாக வரையறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கருத்துரை 2018இலும் 2023இலும் புதுப்பிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் சாரம் அன்றாடப் பயிற்சிக் களங்களை எட்டவில்லை என்பதே என் மனக்குறை.

நீண்ட நேர உழைப்பின்போதே நடக்கும் மாற்றங்களும் உண்டு. ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவரை 246 கிலோமீட்டர் இடைவிடாமல் ஓடும் ஸ்பார்ட்டத்லான் போட்டியில் பங்கேற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஓடி முடித்தவுடன் எலும்பு கரைவதன் குறியீடு உயர்ந்தும், கட்டப்படுவதன் குறியீடு தாழ்ந்தும் இருந்தன. உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பில் இருக்கிறது, இரத்தத்தில் இருப்பதோ மிகச் சிறிய அளவு. ஆனால் அந்தச் சிறிய அளவு குறையவே கூடாது. குறைந்தால் இதயமும் தசையும் ஒழுங்காக இயங்கா. நீண்ட நேர உழைப்பின்போது இரத்தத்தில் கால்சியம் சற்றுத் தாழ்கிறது. வியர்வையோடு வெளியேறுவதும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உடனே பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. ஒரு நாள் நடந்தால் இது ஈடுசெய்யக்கூடிய இழப்பே. நாள்தோறும் பல மணி நேரம் நடந்தால், உணவும் போதாமல் போனால், அது வேறு கணக்கு. மிதிவண்டி ஓட்டும் பெண்களுக்குப் பயிற்சிக்கு முன்பு ஏறத்தாழ 1350 மில்லிகிராம் கால்சியம் உள்ள பால் சார்ந்த உணவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், பாராதைராய்டு ஹார்மோனும் எலும்பு கரைவதன் குறியீடும் குறைவாகவே உயர்ந்தன. உணவின் அளவைப் போலவே அதை உண்ணும் நேரமும் பொருட்படுத்தத் தக்கது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

மிதிவண்டி பற்றிச் சொன்னதால் அதையும் நீச்சலையும் பற்றிச் சிறிது. தொழில்முறையில் மிதிவண்டி ஓட்டுபவர்கள் பலருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பு மெலிந்திருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. வண்டி உடலைத் தாங்கிக்கொள்கிறது, தரையின் அதிர்ச்சி எலும்பை எட்டுவதில்லை. ஆற்றல் செலவும் வியர்வையும் மட்டும் மிகுதி. நீரில் மிதப்பதால் நீச்சலிலும் ஏறக்குறைய இதே நிலைதான். இதயத்துக்கு இவை மிகச் சிறந்த பயிற்சிகள், ஆனால் எலும்புக்கென்று தனியாக ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

மாவுச்சத்தைத் தவிர்த்து ஓடும் வழக்கம் இப்போது பரவிவருவதால் அதைப் பற்றியும் ஒரு சொல். உலகத் தரத்திலான நடைப்போட்டி வீரர்கள் மூன்றரை வாரம் மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பு மிகுந்த உணவை உண்டபோது, எலும்பு கரைவதன் குறியீடு உயர்ந்து, கட்டப்படுவதன் குறியீடு தாழ்ந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. நீண்ட ஓட்டத்தின் இடையே மாவுச்சத்து உட்கொண்டவர்களுக்கு எலும்பு கரைவது குறைந்ததை வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. வெறும் வயிற்றில் இரண்டு மணி நேரம் ஓடுவதைப் பெருமையாகப் பேசும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர்களிடம் அதைச் சொல்லவும் செய்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் ஓடுவதை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மாணவர்கள் இன்றும் ஓடுகிறார்கள். நானும் வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். ஆனால் எங்கள் பயிற்சியில் எலும்புக்கென்று தனியாக நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சுமையை உணரும் செல்கள் விரைவில் மரத்துப்போய்ப் பல மணி நேரம் கழித்து மீள்கின்றன என்பதால், காலையில் பத்து இருபது குதிப்புகளும் மாலையில் பத்து இருபது குதிப்புகளும், ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிட ஓய்வோடு செய்கிறோம். மாதவிடாய் நிற்கும் வயதை எட்டாத பெண்களிடம் இவ்வாறு பதினாறு வாரம் செய்துபார்த்ததில் இடுப்பெலும்பின் அடர்த்தி மேம்பட்டது என்பது ஆய்வில் கண்ட செய்தி. எடை தூக்கும் பயிற்சியும், நேர்கோட்டில் மட்டும் ஓடாமல் பக்கவாட்டில் தாவித் திரும்பும் ஆட்டங்களும் எங்கள் வாரத்தில் உண்டு. ஏனென்றால் பழகிப்போன சுமையைவிட எதிர்பாராத திசையிலிருந்து வரும் சுமைக்கே எலும்பு நன்றாகச் செவிசாய்க்கிறது. தொலைவைக் கூட்டும்போது எந்த வாரத்திலும் அவசரப்படுவதில்லை, மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்கிறோம். ஏற்கெனவே எலும்பில் விரிசல் கண்டவர்களுக்கோ மெலிந்தவர்களுக்கோ குதிப்பது கூட ஆபத்தாகலாம் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது.

வலியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய செய்தி இது. ஓட ஓடத் தளர்ந்துபோகும் வலி தசையுடையதாக இருக்கலாம். ஓட ஓட மிகுந்து, ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டக்கூடியதாகி, இரவில் படுத்திருக்கும்போதும் தொடரும் வலியை எலும்பின் வலி என்று கொண்டே நடந்துகொள்ள வேண்டும். தொடை இடுக்கில் வரும் வலியானால், ஒரு காலில் நின்று குதித்துப் பார்க்கும் சோதனையைக்கூடச் செய்யாமல் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-ரே பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, அது தெளிவாக இருப்பதால் விரிசல் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எம்ஆர்ஐ ஸ்கேனே நம்பத்தக்க சோதனை. எலும்பு கரைவதைக் காட்டும் இரத்தச் சோதனையோ விடியற்காலையில் உயர்ந்தும் உணவுக்குப் பின் தாழ்ந்தும் நாளுக்குள்ளேயே மாறிக்கொண்டிருப்பது. ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு அதைக் கொண்டு பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

பதின்பருவத்தினர் பொருட்டு எனக்குள்ள கவலை தனிப்பட்டது. வாழ்நாளில் நாம் சேர்க்கும் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, பதினெட்டு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் தவறவிட்டதைப் பிற்காலத்தில் ஈட்டுவது மிகக் கடினம். முப்பத்தைந்து வயதில் முதன்முறையாக மராத்தானுக்குத் தயாராகும் ஒருவர் செய்யும் பிழையும், பதினாறு வயதுப் பெண் செய்யும் பிழையும் விளைவில் ஒன்றல்ல. தங்கள் கட்டுரையோடு வெளியான பன்னிரண்டு வாரப் பயிற்சி அட்டவணையில் வயது குறிப்பிடப்படவில்லை, உணவு பற்றி ஒரு வரியும் இல்லை, ஓய்வு நாள் வாரத்துக்கு ஒன்றே இருந்தது. அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு பின்பற்றும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்த ஒரு வரிக்கான திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும். இனி எந்தப் பயிற்சி அட்டவணையை வெளியிட்டாலும், மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் நின்றிருக்கிறதா, இதற்குமுன் எலும்பில் விரிசல் வந்திருக்கிறதா, எடையைக் குறைக்கும் முயற்சியும் தொலைவைக் கூட்டும் முயற்சியும் ஒரே நேரத்தில் நடக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளை அதன் தலைப்புக்குக் கீழேயே அச்சிட்டு, ஒன்றுக்கேனும் ஆம் என்று பதில் வந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். மாதவிடாய் என்ற சொல்லை உடல்நலப் பக்கத்தில் அச்சிடத் தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கத்தை விட்டுவிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதே தயக்கத்தால்தான் நான் ஏழு மாதம் வாய் திறக்காமல் இருந்தேன்.

நான் மேலே சொன்ன பதினாறு வயது மாணவிக்கு ஐந்து மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. தாயாரின் அறிவுக்கு அது எட்டாமலே இருந்தது. நான் கேட்டபோதுதான் அவள் சொன்னாள். அவர்கள் இருவரும் அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறார்கள். கோடிட்ட அந்தக் கட்டுரைத் துண்டு இன்னும் என் மேசைமீது இருக்கிறது. தங்கள் திருத்தம் வெளியானதும் அதையும் கத்தரித்து, இரண்டையும் சேர்த்து அந்தத் தாயிடம் கொடுப்பதற்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியாளர்